ஈர்ப்பு நுண்வில்லை முறையில் தொலைதூரக் கோளைக் கண்டறிவது எப்படி

இந்த முறையில் கோளைப் பார்ப்பதில்லை. கோள் சுற்றும் விண்மீனைக்கூடப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அந்த விண்மீனின் ஈர்ப்பு ஒரு வில்லையை (லென்ஸ்) போல, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துக் குவிக்கிறது. அதனால் அதற்கும் பின்னால், இன்னும் தொலைவில் இருக்கும் வேறொரு விண்மீனின் பொலிவு சில வாரங்களுக்குக் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் நடுவே சில மணி நேரம் மட்டும் ஒரு பிசகு தெரிகிறது. கோளின் அடையாளம் அவ்வளவுதான்.

கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது ஒளி மங்குவதைப் பார்க்கும் கடப்பு முறையில் ஒரு கடப்பைத் தவறவிட்டால் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். இங்கே அடுத்த சுற்று கிடையாது. இரண்டு விண்மீன்கள் நம் பார்வைக் கோட்டில் ஒருமுறை நேராக வந்து விலகினால் அதோடு சரி. கணக்கைப் பத்து ஆண்டு கழித்தும் திருத்தலாம். எடுக்காமல் விட்ட படத்தை எடுக்க முடியாது. ஆகவே கீழே சொல்வதில் படம் எடுப்பதற்கும் அதிலிருந்து பொலிவை அளப்பதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

சொந்தமாகத் தரவு எடுக்க 25 முதல் 40 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி, குளிரூட்டப்பட்ட கேமரா, தானியங்கி வழிகாட்டல் ஆகியவை வேண்டும். தொலைநோக்கி இல்லாதவர்கள் பொதுவில் கிடைக்கும் தரவை வைத்துப் பகுப்பாய்வுப் பகுதியை மட்டும் செய்யலாம். அதற்குப் பைத்தான் தெரிந்தால் போதும்.

முதலில் அளவுகள்

சூரியனில் பாதி நிறையுள்ள விண்மீன் ஒன்று 20,000 ஒளியாண்டு தொலைவில் வில்லையாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொலிவு கூடித் தெரியும் பின்னணி விண்மீன், அதாவது மூல விண்மீன், பால்வெளியின் மையப் புடைப்பில், 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இரண்டும் மிகச் சரியாக நேர்கோட்டில் வந்தால் வளைந்த ஒளி ஒரு வளையமாகும்; அதுதான் ஐன்ஸ்டைன் வளையம். இந்த அமைப்பில் அதன் கோண ஆரம் ஏறத்தாழ 0.4 மில்லி வில்விநாடி. சற்று விலகியிருந்தால் மூலம் இரண்டு பிம்பங்களாகப் பிரியும். இவ்வளவு நெருங்கிய பிம்பங்களைச் சாதாரணத் தொலைநோக்கி எதுவும் பிரித்துக் காட்டாது. மொத்தப் பொலிவு மட்டுமே நமக்குக் கிடைக்கும். வில்லை இருக்கும் தொலைவில் இந்த ஆரம் சுமார் 2.5 வானியல் அலகு. இரு விண்மீன்களும் வானில் ஒன்றையொன்று ஆண்டுக்கு 6 மில்லி வில்விநாடி வேகத்தில் கடந்தால், வளைய ஆரத்தைத் தாண்ட 25 நாள் ஆகும். இதுதான் ஐன்ஸ்டைன் காலம்.

மூலத்துக்கும் வில்லைக்கும் இடையிலான இடைவெளியை ஐன்ஸ்டைன் ஆரத்தின் மடங்காக அளந்து, 'யூ' என்று குறிப்போம். மூலத்தின் பொலிவு எத்தனை மடங்காகிறது என்பதே உருப்பெருக்கம். அப்போது

உருப்பெருக்கம் = (யூ² + 2) ÷ (யூ × √(யூ² + 4))

யூ 1 என்றால் உருப்பெருக்கம் 1.34, அதாவது 0.32 மேக்னிட்யூட் ஏற்றம் (மேக்னிட்யூட் என்பது விண்மீன் பொலிவின் அளவுகோல்; எண் குறைந்தால் பொலிவு அதிகம்). யூ 0.1 என்றால் 10 மடங்கு, 0.01 என்றால் 100 மடங்கு.

வில்லை விண்மீனுக்குக் கோள் இருந்தால், அதன் நிறையை விண்மீனின் நிறையால் வகுத்து வரும் எண்தான் நிறை விகிதம். பிசகு நீடிக்கும் நேரம், ஐன்ஸ்டைன் காலத்தை நிறை விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் அளவை ஒட்டியிருக்கும். விகிதம் ஆயிரத்தில் ஒன்று என்றால், 25 நாள் நிகழ்வில் 19 மணி நேரம். அதே விண்மீனுக்குப் பூமி அளவுக் கோள் என்றால் ஒன்றரை மணி நேரம். கோள் சிறுத்தால் குறைவது நேரம்தான், உயரம் அல்ல. மூல விண்மீனின் வட்டு கோளின் விளைவை விடப் பெரிதாகும் வரை இது பொருந்தும். சிறிய கோளைப் பிடிக்கப் பெரிய தொலைநோக்கியை விட இடைவிடாத தொலைநோக்கி தேவை என்பது இதிலிருந்து வருகிறது.

விண்மீனிலிருந்து ஐன்ஸ்டைன் ஆரத்தின் 0.6 முதல் 1.6 மடங்கு தூரத்தில் இருக்கும் கோள்களுக்கு இந்த முறை நன்றாக வேலை செய்யும். சிறு விண்மீன்களுக்கு இது பனி எல்லைக்கு, அதாவது நீர் பனியாக உறையத் தொடங்கும் தூரத்துக்கு, வெளியே விழும் பகுதி. மற்ற முறைகள் தடுமாறும் இடம்.

எந்த நிகழ்வைப் பின்தொடர்வது

புடைப்புப் பகுதியில் எந்த நேரத்தில் பார்த்தாலும் பத்து லட்சம் விண்மீன்களில் ஓரிரண்டுதான் நுண்வில்லையாக்கத்தில் இருக்கும். சொந்தமாகத் தேடுவது வீண். சிலியின் லாஸ் கம்பானஸில் 1.3 மீட்டர் தொலைநோக்கியுடன் இயங்கும் ஓகிள், நியூசிலாந்தின் மவுண்ட் ஜானில் 1.8 மீட்டர் தொலைநோக்கியுடன் இயங்கும் மோவா, சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களிலும் 1.6 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கும் கேஎம்டிநெட் ஆகிய குழுக்கள் தேடித் தருகின்றன. அவற்றின் எச்சரிக்கைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். புடைப்பு தனுசு விண்மீன் குழுவின் திசையில், தெற்கே 29 பாகை சாய்வில் இருக்கிறது. 90இலிருந்து உங்கள் வட அட்சரேகையையும் 29ஐயும் கழித்தால் அது எட்டும் அதிகபட்ச உயரம் கிடைக்கும். அந்த விடை 30 பாகைக்குக் கீழே போனால் இந்தத் திசையை விட்டுவிடலாம். ஜூன் மாதத்தில் இரவு முழுதும் தெரியும். பிப்ரவரியிலும் அக்டோபரிலும் ஓரிரு மணி நேரமே கிடைக்கும்.

சிறு தொலைநோக்கிக்கு ஏற்றவை உயர் உருப்பெருக்க நிகழ்வுகள், அதாவது 100 மடங்கைத் தாண்டக்கூடியவை. இரண்டு காரணங்கள். மங்கலான மூலம் 14, 15 மேக்னிட்யூடுக்கு ஏறி, கைக்கு எட்டும் பொலிவுக்கு வந்துவிடும். மேலும், கோள் எந்தத் திசையில் இருந்தாலும் விண்மீனுக்கு அருகே ஒரு சிறு மைய காஸ்டிக்கை (உருப்பெருக்கம் திடீரென மிகும் கோடுகளின் வடிவம்) உண்டாக்கும். உச்ச நேரத்தில் மூலம் அதன் பக்கத்தில் கட்டாயம் போகும். எனவே பிசகு எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். 2005இல் ஓகிள்-2005-பிஎல்ஜி-071 நிகழ்வில் நியூசிலாந்து வானியல் ஆர்வலர்கள் அரை மீட்டருக்கும் குறைந்த தொலைநோக்கிகளால் எடுத்த தரவு கோள் கண்டுபிடிப்பில் சேர்ந்தது இப்படித்தான்.

உச்சத்தின் பாதி உயரத்தில் அகலம் = 3.46 × மிகக் குறைந்த யூ × ஐன்ஸ்டைன் காலம். யூ 0.01, காலம் 25 நாள் என்றால் 21 மணி நேரம். ஒரே ஓர் இரவு என்று பொருள்.

ஏறுமுகத்தில் இருக்கும்போது எச்சரிக்கைப் பக்கம் காட்டும் உச்ச உருப்பெருக்கத்தை நம்ப வேண்டாம். ஏறும் பாதியை மட்டும் வைத்துப் பார்த்தால் குறைந்த யூ, நீண்ட காலம், மங்கிய மூலம் ஆகியவை ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்ளும். நேற்று 500 மடங்கு என்றது இன்று 12 மடங்காக முடிவது வழக்கமான செய்தி. உச்சத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்து, ஒவ்வொரு புதிய புள்ளி வந்ததும் நீங்களே பொருத்திப் பாருங்கள். உச்ச நேரத்தின் நிச்சயமின்மை ஒரு நாளுக்குள் சுருங்கியதும் இரவை ஒதுக்குங்கள்.

புடைப்புக்கு வெளியேயும் அரிதாக நடக்கும். 2017 நவம்பரில் ஜப்பானிய ஆர்வலர் தடாஷி கோஜிமா ரிஷபத்தின் திசையில் கண்ட நிகழ்வு 11 மேக்னிட்யூட் அளவுக்கு ஏறியது; அதிலும் நெப்டியூன் அளவுக் கோள் ஒன்று சிக்கியது.

படம் எடுக்கும்போது

அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை விடும் ஐ (I) வடிகட்டி பயன்படுத்துங்கள். பார்வைக் கோட்டிலுள்ள தூசி நீலத்தை விழுங்கிவிடும். வடிகட்டி இல்லாமல் எடுத்தால் ஒளி அதிகம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் உயரம் மாற மாற வளிமண்டலம் சிவப்பு, நீல விண்மீன்களை வெவ்வேறாக மங்கச் செய்வதால் ஒன்று இரண்டு சதவீதச் சரிவு ஒன்று இரவு முழுக்கப் படரும். கோளின் பிசகும் பல நேரம் அதே அளவுதான்.

கேமராவின் ஒரு பிக்சல் 0.6 முதல் 1 வில்விநாடி வரை இருக்கட்டும். புடைப்பில் விண்மீன்கள் அவ்வளவு நெருக்கம். பெரிய பிக்சலில் நான்கைந்து ஒன்றாகக் கலந்துவிடும். 15 மேக்னிட்யூட் இலக்குக்கு 35 செ.மீ. தொலைநோக்கியில் 120 விநாடியில் தொடங்கிப் பாருங்கள். மிகப் பொலிவான பிக்சல், கேமராவின் கொள்ளளவில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிகழ்வு ஏற ஏற எக்ஸ்போஷரைக் குறைக்கலாம், ஆனால் வடிகட்டியையும் கேமரா வெப்பநிலையையும் நடுவில் மாற்றாதீர்கள். விண்மீன் இரவு முழுதும் சில பிக்சலுக்குள்ளேயே நிற்கும்படி வழிகாட்டலை அமைத்தால் ஃபிளாட் (பிக்சல்களின் உணர்திறன் வேறுபாட்டைத் திருத்தும் படம்) குறைகள் பெரும்பாலும் தொல்லை தராது.

எதிர்பார்க்கும் பிசகு நேரத்துக்குள் குறைந்தது எட்டு, பத்துப் புள்ளிகள் விழ வேண்டும். பூமி அளவுக் கோளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றோமே, அதற்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம். உயர் உருப்பெருக்க உச்சத்தில் இடைவெளியே விடாமல் எடுங்கள். எதுவும் நடக்காததுபோல் தெரிந்தாலும் நிறுத்த வேண்டாம். பிசகு இல்லாத பகுதியும் மாதிரியைக் கட்டுப்படுத்தும்.

அடிக்கடி மறக்கப்படும் மூன்று:

- உச்சத்தை ஒட்டி, பத்து ஐ படத்துக்கு ஒரு வி (V, பச்சை-மஞ்சள் ஒளி வடிகட்டி) படம் எடுங்கள். மூலத்தின் நிறம் தெரியாவிட்டால் கடைசியில் கோளின் நிறை கிடைக்காது.
- கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடோ ஜிபிஎஸ்ஸோடோ ஒத்திசையுங்கள். சில மென்பொருள்கள் எக்ஸ்போஷர் தொடங்கிய நேரத்தைப் பதியும். தேவை நடு நேரம். பின்னர் அதைச் சூரியக் குடும்ப ஈர்ப்பு மையத்துக்கான நேரமாக மாற்ற வேண்டும். பூமி சுற்றுப்பாதையில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து 8 நிமிடம் வரை வேறுபாடு வரும். ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் தொகுப்பு இதைச் செய்து தரும்.
- உருப்பெருக்கம் நன்றாக மாறியிருக்கும் வேறு இரவுகளிலும், நிகழ்வு அடங்கிய பிறகும், அதே கருவியால் சில படங்கள் எடுங்கள். ஏன் என்பது பொருத்தும் கட்டத்தில் புரியும்.

படத்திலிருந்து பொலிவு

சாதாரண வட்டத் துளை அளவீடு இங்கே உதவாது. பக்கத்து விண்மீன்கள் துளைக்குள் வந்துவிடும். படக் கழிப்பு முறை வேண்டும். 1998இல் அலார்டும் லப்டனும் தந்த வழி இது: மிகக் கூர்மையான 10 முதல் 20 படங்களைச் சேர்த்து ஒரு மேற்கோள் படம் செய்து, அதை ஒவ்வொரு இரவின் மங்கலுக்கும் ஏற்பக் கலங்கடித்துக் கழிப்பது. மாறாத விண்மீன்கள் மறைந்து, மாறியது மட்டும் மிஞ்சும். விடையை மேக்னிட்யூடாக மாற்றாமல் ஒளிப்பாயமாகவே (வந்து சேரும் ஒளியின் அளவு; சுருக்கமாகப் பாயம்) வைத்திருங்கள். மேற்கோள் படத்தை விட மங்கினால் பாயம் எதிர்மறையாக வரும், அது தவறல்ல.

பெரும்பாலான கோளாறுகளுக்கு ஒரே காரணம்தான்: இலக்கின் இடத்தை அட்டவணையிலிருந்து எடுப்பது. அட்டவணையில் இருக்கும் 'விண்மீன்' பல நேரம் இரண்டு மூன்றின் கலவை. உண்மையான மூலம் அரைப் பிக்சல் தள்ளி இருக்கும். அந்த அரைப் பிக்சலால் உங்கள் பொலிவு அன்றைய சீயிங்கை (வளிமண்டலக் கொந்தளிப்பால் விண்மீன் பிம்பம் மங்கிப் பரவும் அளவு) பின்தொடர்ந்து ஆடும். உருப்பெருக்கம் அதிகமாக இருந்த இரவின் கழித்த படத்தில் மிஞ்சிய புள்ளியின் மையத்தை அளந்து, அந்த இடத்தையே எல்லாப் படங்களுக்கும் பயன்படுத்துங்கள்.

ஒற்றை வில்லையைப் பொருத்துதல்

முதல் மாதிரிக்கு மூன்று எண்கள்: உச்ச நேரம், மிகக் குறைந்த யூ, ஐன்ஸ்டைன் காலம். இவற்றுடன் ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் தனித்தனியே மூலத்தின் பாயம், அதனோடு கலந்துவிட்ட மற்ற ஒளியின் பாயம் (கலப்புப் பாயம்) என்று இரண்டு. அளந்த பாயம் = மூலப் பாயம் × உருப்பெருக்கம் + கலப்புப் பாயம். ஒரே இரவின் தரவு மட்டும் இருந்தால் இந்த இரண்டும் எப்படி வேண்டுமானாலும் வளைந்து, உண்மையான பிசகைக்கூட விழுங்கிவிடும். வேறு இரவுகளிலும் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மியூலன்ஸ்மாடல், பைலீமா ஆகிய பைத்தான் தொகுப்புகள் இதை எளிதாகச் செய்யும். மென்பொருள் தரும் பிழை அளவுகள் பெரும்பாலும் உண்மையை விடச் சிறியவை. பிசகு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் பகுதியை ஒதுக்கிவிட்டு, மீதிக்குக் கை-வர்க்கம் (தரவு மாதிரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) ஒரு புள்ளிக்கு 1 வரும்படி பிழைகளைப் பெருக்குங்கள். ஒதுக்காமல் செய்தால் கோளின் சமிக்ஞையே பிழையாகக் கணக்கில் சேர்ந்து அடங்கிப்போகும்.

பிசகு உண்மையா

அளவீட்டிலிருந்து ஒற்றை வில்லை மாதிரியைக் கழித்த மிச்சத்தை நேரத்துக்கு எதிராக மட்டுமல்ல, சீயிங், வானத்தில் இலக்கின் உயரம், பின்னணி வெளிச்சம் ஆகியவற்றுக்கு எதிராகவும் வரைந்து பாருங்கள். எதனோடாவது சேர்ந்து ஆடினால் அது கோள் அல்ல. பக்கத்தில் இதே பொலிவுள்ள நான்கைந்து விண்மீன்களையும் அதே முறையில் அளந்து, அவற்றில் அதே நேரத்தில் அதே மேடு வருகிறதா என்று சரிபாருங்கள். சூரியப் பாதை தனுசு வழியாகவே போவதால் சிறுகோள்கள் குறுக்கே வரும். ஒன்றிரண்டு படத்தில் மட்டும் பாய்ச்சல் என்றால் படத்தைக் கண்ணால் பாருங்கள்.

நுண்வில்லையாக்கம் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் பெருக்கும். நிகழ்வு முழுவதும் நீலமாக ஏறி இறங்கினால் குறுநோவாவாக (இரட்டை விண்மீன் ஒன்றில் அவ்வப்போது வரும் பொலிவு வெடிப்பு) இருக்கலாம். பிசகில் மட்டும் நிறம் மாறினால் மூலமே இரட்டை விண்மீனாக இருந்து, மங்கிய துணை தனியாக வில்லையைக் கடந்திருக்கலாம். இது கோளின் மேட்டைப் போலவே நடிக்கும். வி படங்கள் இல்லாதவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். மாதக்கணக்கில் மெல்லச் சரியும் சமச்சீரின்மை பூமி சூரியனைச் சுற்றுவதால் நம் பார்வைக் கோடு நகர்ந்து வரும் இடமாறு தோற்றம், கோள் அல்ல.

எவ்வளவு இருந்தால் போதும்? மோவா குழு 2016இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஒற்றை வில்லைக்கும் கோள் மாதிரிக்கும் கை-வர்க்க வேறுபாடு 100ஐத் தாண்ட வேண்டும் என்று வைத்தார்கள். பாடநூல் புள்ளியியலுக்கு இது மிகையாகத் தோன்றும். அடுத்தடுத்த புள்ளிகளின் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் மிகையல்ல.

கோளின் எண்களைக் கையால் மதிப்பிடுதல்

கணினியை ஓடவிடும் முன் தாளில் போட்டுப் பாருங்கள். ஓகிள்-2005-பிஎல்ஜி-390 நல்ல பயிற்சி. உச்ச உருப்பெருக்கம் ஏறத்தாழ 3, மிகக் குறைந்த யூ 0.36, ஐன்ஸ்டைன் காலம் 11 நாள். உச்சத்துக்குச் சுமார் 10 நாள் கழித்து அரை நாள் நீண்ட சிறு மேடு.

உச்சத்திலிருந்து மேடு வரை நகர்ந்த தூரம், ஐன்ஸ்டைன் ஆரத்தில், 10 ÷ 11 = 0.91. யூ = √(0.36² + 0.91²) = 0.98. கோளின் தூரம் = (√(யூ² + 4) + யூ) ÷ 2 = 1.6. வெளியிடப்பட்ட மதிப்பு 1.61. மேடு என்றால் கூட்டல் குறி. இரு சிறு மேடுகளுக்கு நடுவே பள்ளம் என்றால் கழித்தல் குறி. கோள் வளையத்துக்கு உள்ளே இருக்கிறது.

நிறை விகிதத்தில்தான் பொறி இருக்கிறது. மேட்டின் நீளம் ஐன்ஸ்டைன் காலம் × நிறை விகிதத்தின் வர்க்கமூலத்தின் இரு மடங்கு என்று எடுத்துக்கொண்டால் விகிதம் 0.0005 வரும். சரியான விடை 0.000076. மூலம் ஒரு பூத விண்மீன். அரை நாள் என்பது அதன் வட்டு கோளைக் கடக்க ஆன நேரம். இப்படிப்பட்ட நிலையில் உயரத்திலிருந்து கணக்கிட வேண்டும்: உருப்பெருக்கத்தில் கூடுதல் = 2 × நிறை விகிதம் ÷ (மூல ஆரம்)². மூல ஆரம் ஐன்ஸ்டைன் ஆரத்தில் 0.0256 என்பதால் கூடுதல் 0.23 வருகிறது. அந்த நேரத்தில் அடிப்படை உருப்பெருக்கம் 1.36; ஆகவே 17 சதவீத மேடு.

இந்த எண்களைத் தொடக்கமாக வைத்து இரட்டை வில்லை மாதிரியை ஓட்டுங்கள். மொத்தம் ஏழு அளவுருக்கள்: முதல் மூன்றோடு தூரம், நிறை விகிதம், பாதையின் கோணம், மூல ஆரம். ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து இறங்கினால் அருகிலிருக்கும் குழியில் நின்றுவிடும். தூரத்தை 0.1 முதல் 10 வரை, விகிதத்தைப் பத்து லட்சத்தில் ஒன்று முதல் 1 வரை மடக்கை அளவில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பத்துக்கு மேற்பட்ட கோணங்களிலிருந்து தொடங்குங்கள். காஸ்டிக் அருகே மூலத்தைப் புள்ளியாக எடுத்தால் உருப்பெருக்கம் முடிவிலிக்குப் போய்விடும். வட்டைக் கணக்கில் எடுக்கும் விபிமைக்ரோலென்சிங் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். உயர் உருப்பெருக்க நிகழ்வுகளில் 1.3, அதன் தலைகீழான 0.77 என இரண்டு தூரங்களும் ஏறக்குறைய ஒரே வரைபடத்தைத் தரும். நிறை விகிதம் இரண்டிலும் ஒன்றுதான். இரண்டையும் வெளியிடுங்கள்; கை-வர்க்கம் 3 குறைவு என்று ஒன்றைத் தூக்கிப் போட வேண்டாம்.

விகிதத்திலிருந்து நிறைக்கு

இலக்கைச் சுற்றிய ஓரிரு வில்நிமிடப் பரப்பிலுள்ள விண்மீன்களை நிறம்–பொலிவு வரைபடத்தில் இட்டால் ஏறக்குறைய ஒரே நிறமும் பொலிவும் கொண்ட சிவப்புத் திரள் பூத விண்மீன்கள் ஒரு கூட்டமாக நிற்கும். அவற்றின் உண்மையான வி–ஐ நிறம் 1.06, ஐ பொலிவு ஏறத்தாழ 14.4. தூசி எவ்வளவு நகர்த்தியது என்பது இதில் தெரிந்துவிடும். அதே நகர்வை மூலத்துக்கும் கழித்தால் அதன் உண்மையான நிறமும் பொலிவும், அவற்றிலிருந்து கோண ஆரமும் கிடைக்கும். சூரியன் போன்ற மூலத்துக்கு 0.6 மைக்ரோ வில்விநாடி, திரள் பூதத்துக்கு 6. அதை மாதிரி தந்த மூல ஆரத்தால் வகுத்தால் ஐன்ஸ்டைன் கோணம்.

இடமாறு தோற்றமும் அளக்கப்பட்டிருந்தால் வில்லையின் நிறை நேராக வரும்: மில்லி வில்விநாடியில் உள்ள ஐன்ஸ்டைன் கோணத்தை 8.14ஆலும் நுண்வில்லை இடமாறாலும் வகுக்க, சூரிய நிறையில் விடை. குறுகிய நிகழ்வுகளில் இடமாறு பெரும்பாலும் கிடைக்காது. அப்போது பால்வெளியின் விண்மீன் பரவலை வைத்து நிகழ்தகவுதான் சொல்ல முடியும். 390இன் விண்மீனுக்கு 0.22 சூரிய நிறை, கோளுக்கு 5.5 பூமி நிறை என்று சொல்வது அப்படி வந்த மதிப்பீடு; பிழை எல்லை இரு பக்கமும் அகலம்.

இன்னொரு வழி காத்திருப்பது. ஆண்டுக்கு 6 மில்லி வில்விநாடி என்றால் பத்தாண்டில் வில்லையும் மூலமும் 60 மில்லி வில்விநாடி விலகியிருக்கும். ஹபிள், கெக் போன்ற கருவிகள் அதைக் காணும். ஓகிள்-2005-பிஎல்ஜி-169 நிகழ்வின் வில்லை இப்படித் தனியாகத் தெரிந்து, அதன் கோள் 2015இல் உறுதிப்பட்டது. அந்தப் படங்களோடு பழைய வரைபடத்தை மறுபடி பொருத்த வேண்டியிருக்கும் என்பதால், கழித்த பாயத்தை மட்டுமல்ல, திருத்தாத அசல் படங்கள், டார்க் (ஒளி படாமல் எடுத்த திருத்தப் படம்), ஃபிளாட், நேரப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்துச் சேமித்து வையுங்கள்.